ஸ்ரீ ஜி. டி. நாயுடுவும் மாணவர் தொழில் வழியும்

படிப்பை நடுவில் விட்டுத் தொழிலுக்குச் செல்லும் இளைஞர் தமது செயலுக்குச் சான்றாக ஒரு பெயரைச் சொல்லுவது நமது கொங்கு நாட்டில் வழக்கமாயிருக்கிறது. அப்பெயர் கோவை ஸ்ரீ ஜி. டி. நாயுடு அவர்களுடையது. அவர் எந்தக் கலாசாலையில் பயின்றார், என்ன பட்டம் பெற்றார் என்று ஒருவன் கேட்டுவிட்டால், அதற்குமேல் தந்தையாருக்கும் விடை தோன்றுவதில்லை, ஆசிரியருக்கும் தோன்றுவதில்லை.

திருப்பூரிலும் அதனைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் முதலிய இடங்களிலும் இவ்வாதத்திற்கு வலிமை மிகுதி. அங்கே சனிக்கிழமைதோறும் கூலி கைக்கு வரும். பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையிலோ, அயர்ன் மேஜையிலோ, தையல் மிஷினுக்கு அருகே கைமடித்துக் கொடுக்கும் இடத்திலோ புகுந்த இளைஞன் ஒன்றரை ஷிப்டு உழைத்து, வாரக் கடைசியில் வீட்டுக்குப் பணம் கொண்டு வருகிறான். பள்ளியில் அவனோடு ஒரே பெஞ்சியில் அமர்ந்திருந்தவனோ கலாசாலையிற் சேர்ந்து, பஸ் சார்ஜுக்கும் பரீட்சைக் கட்டணத்திற்கும் வீட்டாரிடம் கையேந்தி நிற்கிறான். முதற் பருவத்தில் நிரம்பியிருந்த வகுப்பு மூன்றாம் பருவத்தில் குறைவதற்கு இது பெருங் காரணங்களுள் ஒன்று. பாடம் விளங்காமற் போகிறவர் உண்டு. பாடம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது விளங்காமற் போகிறவர் அவரினும் பலர் என்பது நமது எண்ணம்.

இவர்கள் சான்று காட்டும் பெரியாருடைய சரிதத்தை முற்ற அறிந்தால் அது வேறொன்றைச் சொல்லக் காணலாம். ஆதலின் அதனை இங்கே எழுதப் புகுந்தோம்.

கோயமுத்தூருக்குக் கிழக்கே சூலூருக்கு அண்மையில் கலங்கல் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரில் 1893ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 23ஆம் தேதி, கோபால்சாமி நாயுடு என்னும் வேளாளருக்கு மகனாக நமது சரித நாயகர் பிறந்தார். துரைசாமி என்பது இட்ட பெயர். தாயாரை இளமையிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குச் சிறிதும் பொருந்தவில்லை. வாத்தியார் மேல் மணலை வாரி எறிந்துவிட்டு ஓடினார் என்றும், மூன்றாம் வகுப்புக்கு மேல் போகவில்லை என்றும் அவர் சரிதம் எழுதியோர் கூறுவர். அவ்வாத்தியார் நிலையை நினைக்குங்கால் நமக்கு இரக்கம் உண்டாகிறது. ஆயினும், பள்ளியை விட்ட அச்சிறுவர் எழுத்தை விட்டாரல்லர். தமிழ்ப் புத்தகங்களைத் தாமே தேடி வாசிக்கும் பழக்கம் அவருக்கு அப்பொழுதே இருந்தது என்பர். பள்ளியினின்று ஓடுகிற பிள்ளை கல்வியினின்றே ஓடுகிறான் என்று நாம் அவசரப்பட்டு முடிவு செய்துவிடுகிறோம்.

அக்காலத்தில் ஊர்ப்புறங்களில் மோட்டார் வண்டி காண்பதரிது. லங்காஷயர் என்னும் ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அப்பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டியைக் கண்ட இளைஞருக்கு அன்றுமுதல் வேறு நினைவில்லை. அப்படிப்பட்ட வண்டி ஒன்றை விலைக்கு வாங்க வேண்டும்; அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டுமே! கோயமுத்தூருக்குப் போய் ஓர் ஓட்டலிற் சிப்பந்தியாக அமர்ந்தார். இலை போட்டும், பரிமாறியும், மேஜை துடைத்தும் பல மாதங்களை அல்ல, சில வருஷங்களைக் கழித்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் ரட்ஜ் என்னும் அம்மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் அதனைத் துண்டு துண்டாகக் கழற்றினார். கழற்றியதைத் திரும்பப் பூட்டினார். பூட்டியதை மறுபடியும் கழற்றினார். அவர் மெக்கானிக்கு ஆனது இவ்விதமே.

இவ்விடத்தில் சிறிது தங்கிச் செல்ல விரும்புகிறோம். ஓட்டலில் மேஜை துடைத்தல் இன்பமான தொழிலன்று. பள்ளியில் ஒரு நாழிகை பொறுத்திருக்க மாட்டாத பையன் அத்தொழிலில் வருஷக்கணக்காகப் பொறுத்திருந்தது எங்ஙனம்? தான் செய்யும் வேலை எதற்காக என்பதை அவர் கண்ணாற் கண்டிருந்தார். ஒவ்வொரு மாதச் சம்பளமும் அம்மோட்டார் சைக்கிளுக்கு அவரை ஓரடி அருகிற் கொண்டு வந்தது. பள்ளியிலோ, மனப்பாடம் செய்த வாய்பாடு எதற்கு என்பதை அவருக்கு எவரும் காட்டவில்லை. முடிவு தெரிந்தவன் நடுவில் உள்ள சலிப்பைப் பொறுப்பான். தெரியாதவன் முதல் வாரத்திலேயே மணலை வாரி எறிவான். நமது வகுப்பில் மூன்றாம் பருவத்தில் மறைந்துபோகும் மாணவன் மணல் எறிவதில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு கோடாக நின்றுவிடுகிறான். வேற்றுமை அவ்வளவே.

பின்னர் அவர் திருப்பூருக்கு வந்தார். அன்றைய திருப்பூர் பனியன் ஊரன்று. பின்னல் யந்திரங்கள் 1920களிலேதான் அங்கே வரத் தொடங்கின. அப்பொழுது அது பஞ்சுச் சந்தை. கோயமுத்தூர் ஜில்லாவின் கரிசல் நிலத்திலும் கிணற்றுப் பாசன நிலத்திலும் விளைந்த பருத்தி, அதிலும் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிதாகப் பரவிய கம்போடியாப் பருத்தி, பார வண்டிகளில் வந்து குவியும். ஜின்னிங் பாக்டரிகளில் கொட்டை நீக்கி, பிரஸ்ஸில் அழுத்திப் பேலாகக் கட்டி, ரெயிலேற்றி அனுப்புவர். நாயுடு அவர்கள் இத்தொழிலிற் புகுந்தார். முதல் உலக யுத்த காலத்தின் விலையேற்றத்தில் நல்ல லாபமும் கண்டார். அவ்வளவில் நில்லாமல், ஈட்டிய பொருளை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குச் சென்று பஞ்சு வியாபாரத்தில் இறங்கி, பெரு நஷ்டமடைந்து கோயமுத்தூருக்குத் திரும்பினார். இருபத்தைந்து வயதைச் சிறிதே கடந்த அவர் கையில் அப்பொழுது பட்டமுமில்லை, பணமுமில்லை. அவரைச் சான்று காட்டும் நமது இளைஞர் இப்பகுதியைச் சொல்லுவதில்லை.

அங்கே அவருக்கு ஒரு துணை கிடைத்தது. கோயமுத்தூரில் 1862ஆம் வருஷத்திலேயே பள்ளிக்கூடம் நிறுவியவரும், காப்பித் தொழிலிலும் நூற்பாலைத் தொழிலிலும் முன்னோடியாக விளங்கியவருமான ஸர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையவர்களே அவர். 1841ஆம் வருஷம் பிறந்த ஸ்டேன்ஸ் துரைக்கு அப்போது எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. நஷ்டமடைந்து நின்ற இளைஞரிடம் அக்கிழவர் எதைக் கண்டாரோ அறியோம். கடனாகத் தவணை முறையில் பஸ் ஒன்றை அவர் பெறுமாறு உதவினார். 1920ஆம் வருஷத்தில் அந்த ஒற்றைப் பஸ்ஸை நாயுடு அவர்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டலானார். நடுவில் உடுமலைப்பேட்டை, இரு பக்கமும் வயலும் தோப்பும், புழுதி படிந்த சாலை. வண்டி நின்றால் இறங்கிப் பழுது பார்ப்பவரும் அவரே.

யூனிவர்சல் மோட்டார் ஸர்வீஸ் என்னும் அக்கம்பெனி சில வருஷங்களில் நூற்றுக்கணக்கான பஸ்களை உடையதாய், தேசத்தில் திறமையோடு நடந்த போக்குவரத்து நிலையங்களுள் ஒன்றாய் வளர்ந்தது. இத்தனை வண்டிகளுக்கும் டிரைவர், மெக்கானிக், கணக்கர் வேண்டும். அத்தொழில் கற்பிக்கும் பள்ளிகள் அன்று நம்மிடையே இல்லை என்றே சொல்லலாம், பட்டறையே பள்ளியாயிற்று. வேலை கற்கும்பொழுதே கூலியும், கூலி பெறும்பொழுதே படிப்பும் என்ற ஏற்பாட்டை நாயுடு அவர்கள் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. தாம் ஓட்டலிலும் சாலையிலும் கற்ற முறை அதுதான்.

அவருடைய மற்றச் செயல்களை விரிக்கப் புகின் ஒரு நூலாகும். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் கோயமுத்தூர் ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் வந்தது, மோட்டார்கள் தேவைப்பட்டன. 1937ஆம் வருஷத்தில் பீளமேட்டில் ஸ்ரீ டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அவர் செய்வித்த மின்மோட்டார் இந்தியாவிற் செய்யப்பட்ட முதல் மின்மோட்டாராகக் கருதப்படுகிறது. அந்தப் பாலசுந்தரம் அவர்களே பின்பு டெக்ஸ்டூல் கம்பெனியை நிறுவி நூற்பாலை யந்திரங்கள் செய்தார். மின்சார சவரக் கத்தி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதிவு செய்யும் யந்திரம், மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி என நாயுடு அவர்களின் கை படாத பொருள் சிலவே. 1936ஆம் வருஷம் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தமது காமிராவில் படம் பிடித்தார். பருத்தியிலும் பப்பாளியிலும் ஆராய்ச்சி செய்தார். இவற்றையெல்லாம் பலரும் எழுதியிருத்தலின் நாம் விரைந்து மேற்செல்லுகிறோம்.

நமது நோக்கத்திற்கு வேண்டிய பகுதி 1944ஆம் வருஷத்தில் தொடங்குகிறது. அவ்வருஷம் அவர் மோட்டார்த் தொழிலின் நேர்முகப் பொறுப்பினின்று விலகி, ஆராய்ச்சி மாணவர்க்கு உதவிப் பணமும் தொழிலாளர்க்கு நலத் திட்டங்களும் அறிவித்தார். அடுத்த வருஷமே, அவருடைய முயற்சியாலும் கொடையாலும் கோயமுத்தூரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், பொறியியற் கலாசாலையும் தோன்றின. ஹோப் என்பவர் அப்போது சென்னை மாகாணத்தின் கவர்னர். கலாசாலையின் பிரின்ஸிபாலாக நாயுடு அவர்களே அமர்ந்தார். வாத்தியாரைக் கண்டு ஓடிய பையன் ஐம்பத்திரண்டாம் வயதில் பொறியியற் கலாசாலைக்குத் தலைவரானதை நினைத்து நாம் வியவாதிருக்க முடியவில்லை.

ஒன்று கவனிக்கத்தக்கது. படிப்பு வேண்டாம் என்பது அவர் கொள்கையாயிருந்திருப்பின், கையிலுள்ள பணத்தைக் கொட்டிக் கலாசாலை நிறுவ அவர் முற்பட்டிருப்பாரா? தமக்குக் கிடைக்காத ஒன்றைப் பிறருக்குக் கிடைக்கச் செய்யவே அவர் முயன்றார். கிடைக்கும் முறையில்தான் அவருக்கும் அரசாங்கத்துக்கும் மாறுபாடு எழுந்தது. பொறியியலுக்கு நான்கு வருஷம் வைத்திருப்பது மாணவரின் காலத்தை வீணாக்குவதாகும் என்றும், ஒழுங்காகக் கற்பித்தால் இரண்டு வருஷமே போதும் என்றும் அவர் வாதித்தார். அரசாங்கத்தார் உடன்படவில்லை. அவர் பிரின்ஸிபால் பதவியை விட்டு நீங்கினார்.

இவ்வழக்கில் நாம் முழுவதும் அவர் பக்கம் நிற்பதற்கில்லை. கணிதமும் பௌதிகமும் தமக்குரிய காலத்தைக் கேட்டு வாங்கிக்கொள்பவை. இன்று தொழிற்சாலைக்கு வேண்டிய அளவே கற்ற மாணவன், அந்த யந்திரம் மாறும் நாளில் திகைத்து நிற்பான். திருப்பூரிலேயே இதனைக் கண்டோம்: பழைய பின்னல் மிஷின் ஒன்றை மட்டும் அறிந்தவர் கணிப்பொறி கூடிய புது மிஷின் வந்தபொழுது பட்ட இன்னல் அவ்வூரார் அறிந்ததே. ஆனால் நாயுடு அவர்களின் வாதத்திற்குள் அடங்கிய ஒன்றை மறுப்பதற்கும் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நான்கு வருஷம் என்பது நான்கு வருஷக் கூலி. அக்கூலியை இழக்கும் வீட்டார், இழப்பு எப்பொழுது தீரும், எவ்விதம் தீரும் என்று கேட்கிறார்கள். காலத்தைக் குறைத்தல் அதற்கு ஒரு விடை. அதைவிடச் சிறந்த விடைகளும் உண்டு.

அவர் வாதித்த அதே கருத்தை வேறு தேசங்களில் வேறு வழியாகத் தீர்த்தவர் இருந்தனர். அமெரிக்காவில் ஸின்ஸினாட்டி நகரத்துச் சர்வகலாசாலையில் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் ஆசிரியர் 1906ஆம் வருஷத்தில், பொறியியல் மாணவர் சில காலம் வகுப்பிலும் சில காலம் தொழிற்சாலையிலுமாக மாறி மாறிப் பயிலும் முறையைத் தொடங்கினார். கூலியும் கிடைத்தது, பட்டமும் கிடைத்தது. 1908ஆம் வருஷத்தில் பாஸ்டன் நகரத்தில் பிராங்க் பார்ஸன்ஸ் என்பவர், இளைஞர் தமக்குத் தக்க தொழிலைத் தேர்ந்துகொள்ள வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் திறந்தார். பிற்காலத்தில் கலாசாலைதோறும் தோன்றிய வேலை வழிகாட்டும் அலுவலகங்களுக்கு அதனை மூலமாகக் கூறுவர். இலினாய்ஸ் மாகாணத்து ஜோலியட்டில் 1901ஆம் வருஷம் தொடங்கிய இரண்டு வருஷக் கலாசாலை, அந்நாட்டில் பின்னர்ப் பெருகிய சமுதாயக் கலாசாலைகளுக்கு முன்னோடியாயிற்று. நமது பக்கத்தில் அவ்வகைக் கலாசாலைகள் மிகப் பிந்தியே வந்தன: புதுவையில் 1995லும், சென்னையில் 1996லும். திருப்பூர் ஏற்றுமதியாளர் 1990இல் சங்கம் அமைத்து, 1997இல் பின்னலாடைக்கென்றே நிஃப்ட்-டீ கலாசாலையை நிறுவினர். தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் மாணவர்க்குத் தொழில் வழிகாட்டுதலைக் கலாசாலைக்குள்ளேயே கொண்டுவந்தது.

ஆகவே, ஏற்பாடுகள் இல்லை என்று இப்பொழுது சொல்லுவதற்கில்லை. அவை எப்பொழுது மாணவனைச் சந்திக்கின்றன என்பதே கேள்வி. பெரும்பாலான கலாசாலைகளில் வேலை வாய்ப்பு அலுவலகம் என்பது கடைசி வருஷத்து மாணவனுக்கு உரியது. கம்பெனிக்காரர் வருவர், வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்பர், சிலரைத் தெரிந்துகொள்வர். மூன்றாம் பருவத்தில் நின்றுவிட்டவனுக்கு அவ்வலுவலகம் இருந்த அறை எதுவென்றும் தெரியாது. நோயாளி போன பிறகு மருந்து வாங்கி வைப்பது போன்றது இது.

நாயுடு அவர்களின் இளமையில் அவருக்குக் கிடைத்தவற்றை எண்ணிப் பார்ப்போம். கண்ணுக்கு முன் ஓடிய மோட்டார் சைக்கிள் கிடைத்தது. கற்கும்பொழுது வயிற்றைக் காத்த வேலை கிடைத்தது. விழுந்தபொழுது கைகொடுத்த ஸ்டேன்ஸ் துரை கிடைத்தார். அவை யாவும் தற்செயலாகக் கிடைத்தன. ஆயிரத்தில் ஒருவனுக்கே அத்தற்செயல் வாய்க்கும். மற்ற 999 பேருக்கு அதனை ஏற்பாடாகச் செய்து தருவது கலாசாலையின் கடன் என்கிறோம். இது பெரும் பொருட்செலவு வேண்டும் காரியமுமன்று. முதற் பருவத்திலேயே மாணவரைத் திருப்பூர்க் கம்பெனிகளுக்கு அழைத்துச் சென்று, தையல் மேஜைக்கு அப்பாலும் அங்கே வேலைகள் உண்டென்று காட்டலாம். மாதிரித் துணியின் எடையையும் சாயத்தின் உறுதியையும் சோதிக்கும் பரிசோதனைச் சாலை உண்டு. கணிப்பொறியில் மாதிரி வெட்டுபவர் உண்டு. அயல்நாட்டு வியாபாரியோடு கடிதம் நடத்தி, ஆர்டரை நூல் முதல் கப்பல் வரை தொடர்ந்து பார்க்கும் மெர்ச்சண்டைஸர் உண்டு. சாயக் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் ரசாயனம் கற்றவர் உண்டு. நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்குப் பிறகு இவ்வேலையின் அருமையை எவரும் மறுக்கார். இவ்விடங்களில் அமர்ந்திருப்பவர் எந்தப் பாடத்தைக் கற்று அங்கே வந்தனர் என்பதை மாணவன் கண்ணாற் கண்டால், ரசாயன வகுப்பும் ஆங்கில வகுப்பும் அவனுக்கு வேறு முகம் காட்டும்.

கூலியின் செய்தி இதனினும் கடினமானது. கூலி வேண்டியவனை வெறும் அறிவுரை நிறுத்தாது. அவனுக்கு மாலையில் நான்கு மணி நேர வேலையைத் தேடித் தருவதும், பரீட்சை வாரத்தில் இரவு ஷிப்டுக்கு அழைக்கலாகாதென்று முதலாளியோடு முன்னதாகவே பேசி வைப்பதும் அவ்வலுவலகத்தின் பணியாக வேண்டும். ஏற்றுமதி அவசரமான மாதத்தில் முதலாளி இதற்கு எளிதில் இசையமாட்டார் என்பதை நாம் அறியாமலில்லை. மாணவனுக்காகப் பேசுபவர் ஒருவர் இருந்தால் பத்தில் நால்வராவது இசைவர் என்று நம்புகிறோம். மாணவன் தனியே போய்க் கேட்டால் ஒருவரும் இசையார். பெண் மக்களின் நிலையில் இது இன்னும் கூர்மையாகிறது. வீட்டார் அனுப்பும் இடம் எது, திரும்பும் நேரம் என்ன என்பவற்றைக் கலாசாலையார் பொறுப்பேற்றுச் சொன்னாலன்றி, படிப்பும் வேலையும் ஒருங்கே நின்றுபோவதைப் பார்க்கிறோம்.

பழைய மாணவர் இன்னொரு துணை. கம்பெனிகளில் மேலாளராகவும் கணக்கராகவும் இருக்கும் அவர்களை ஆண்டு விழாவில் மாலையிட்டு அமர்த்துவதோடு நாம் விட்டுவிடுகிறோம். ஒருவருக்கு இரண்டு மாணவரை ஒப்படைத்து, மாதம் ஒருமுறை அவர்களோடு பேசும்படி வேண்டிக்கொண்டால் என்ன? ஸ்டேன்ஸ் துரை நாயுடுவுக்குச் செய்ததில் பாதி இதுதான்.

நாயுடு அவர்களின் பிற்காலத்தைச் சிறிது கூறி முடிக்கிறோம். கலாசாலையை விட்டு நீங்கிய பின்னும் அவர் கற்பிக்கும் ஆசையை விடவில்லை. 1952இல் குறைந்த விலைக்கு இருவர் அமரும் மோட்டார் கார் ஒன்றைச் செய்து காட்டினார். அதனைப் பெருக்கிச் செய்ய அரசாங்கத்தின் அனுமதி கிடைக்கவில்லை. 1967இல் கோயமுத்தூர் அவிநாசி சாலையில் தமது யந்திரங்களையும் பிற நாட்டு யந்திரங்களையும் திரட்டி, மாணவர் நேரே பார்த்துக் கற்குமாறு கண்காட்சி ஒன்றை நிலையாக அமைத்தார். 1974ஆம் வருஷம் ஜனவரி மாதம் 4ஆம் தேதி, எண்பதாம் வயதில் காலமானார்.

அவர் தொடங்கிய கலாசாலை பின்னர்த் தடாகம் சாலைக்கு மாறி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரோடு நடைபெற்று வருகிறது. பழைய இடத்திற்குப் பெயர் மட்டும் மாறவில்லை. திருப்பூரிலிருந்து அவிநாசி வழியாகக் கோயமுத்தூருக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டர்கள் அந்நிறுத்தத்தை இன்றும் ஹோப் காலேஜ் என்றே கூவி இறக்கிவிடுகிறார்கள்.